பேச வருகிறவர்கள்: தருமபுரிப் பள்ளி நூலகங்களும் அவற்றின் விருந்தினர்களும்

தருமபுரி மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பேச வருகிறவர்கள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சாலைப் பாதுகாப்பு பற்றிச் சொல்லப் போக்குவரத்துக் காவலர்கள் வருகிறார்கள். 1098 என்ற எண்ணை மனத்தில் பதிய வைக்கக் குழந்தைகள் உதவி மையத்தினர் வருகிறார்கள். குழந்தைத் திருமணம் கூடாது என்று சொல்லச் சமூக நலத் துறை, சேமிப்பின் அருமையைச் சொல்ல வங்கி மேலாளர், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று காட்டத் தீயணைப்பு நிலையத்தார், போதைப் பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வைக்க இன்னொரு குழு. பள்ளி முழுவதும் வெயில் தாழாத மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கி கரகரக்கும். முடிந்ததும் கைதட்டல், சால்வை, குழுப் படம். அந்தப் படம் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஏறிய கணத்தில் நிகழ்ச்சி அதிகாரபூர்வமாக நடந்து முடிந்ததாகிவிடும்.

இவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டத்தில் அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் இந்த வருகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வருகிறவரிடம் ஒரு செய்தி இருக்கிறது, கேட்கிறவர்கள் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்க நேரமில்லை. நேரம் இருந்தாலும் அறுநூறு பேர் நடுவில் எழுந்து நின்று கேட்கப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் துணிவு வராது. நூலகம் அழைக்கும் விருந்தினர் இந்த வகையைச் சேராதவர். அவர் சொல்லிவிட்டுப் போவதைவிட, அவர் போன பிறகு பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைத் தேடினார்கள் என்பதுதான் கணக்கு. அப்படிப்பட்ட வருகைகள் இங்கே ஏன் அரிதாக இருக்கின்றன, முன்பு என்ன முயற்சிகள் நடந்தன, இப்போது கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் நிலவரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டபோது தருமபுரி 68.5 விழுக்காட்டோடு மாநிலத்தின் கடைசி இடத்தில் நின்றது. வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் தலைமுறைப் படிப்பாளிகள். பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பாடநூல் தவிர வேறு புத்தகம் கிடைக்கக்கூடிய இடம் பள்ளி ஒன்றுதான். அங்கே புத்தகம் இருக்கிறது, பெரும்பாலும் பூட்டிய இரும்பு பீரோவுக்குள். சாவி தமிழாசிரியரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ இருக்கும். அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் இருப்பது அபூர்வம். பொறுப்பாசிரியர் பூட்டி வைப்பதற்குக் கஞ்சத்தனம் காரணம் அன்று. புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கும் தணிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். யாரும் தொடாத புத்தகத்துக்காக எந்த ஆசிரியரும் விளக்கக் கடிதம் எழுதியதில்லை.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சீர்காழியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனவர், குராய்டன் நகரப் பொது நூலகம் இயங்கும் விதத்தை நேரில் பார்த்தார். புத்தகத்தைக் காவல் காக்கும் இடமாக இருந்த நூலகத்தைப் புத்தகத்தை ஆளிடம் கொண்டுசேர்க்கும் இடமாக மாற்றும் எண்ணம் அவர் எழுத்தெங்கும் ஓடுகிறது. 1931-இல் வெளிவந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ அதன் உச்சம். அதே 1931-இல் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துச் சுற்றுக் கிராமங்களுக்கு ஓட்டிப் போனார். வாசகர் வராவிட்டால் நூலகம் போகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ரங்கநாதன் 1942-இல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே தனி நூலும் எழுதினார்.

1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் மாகாண அளவில் இப்படியொரு சட்டம் அதுவே முதல். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகும் முறை அதிலிருந்து வந்தது. அந்த வரிப்பணம் பொது நூலகங்களுக்கு உரியது. பள்ளி நூலகம் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூலகம் வேண்டும் என்று அட்டவணையில் எழுதியது. அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் செல்லும். நூலகர் வேண்டும் என்று அதில் இல்லை. ஆக, ஊர்ப்புற நூலகத்துக்கு வரி இருக்கிறது, வாசகர் வட்டம் இருக்கிறது, நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா இருக்கிறது. பள்ளி பீரோவுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

அண்மை ஆண்டுகளில் அசைவு தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு நூலகப் பாடவேளை, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, படித்ததைப் பற்றி எழுத வைப்பது என்று பள்ளிக்கல்வித் துறை முனைந்திருக்கிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் 2022 முதல் வருகின்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் மெல்லிய சிறு நூல்களைக் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளைக்கு வெட்கமில்லாமல் எடுக்கத் தோதான புத்தகங்கள் அவை. மலிவு விலை, மெலிந்த தாள். தொலைந்தாலும் ஆசிரியருக்கு உயிர் போகாது. வானவில் மன்றம் நடமாடும் அறிவியல் செய்முறைகளை ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கொண்டுபோகிறது. மாதாமாதம் சிறார் திரைப்படம் காட்டச் சொல்லி உத்தரவு இருக்கிறது. நிகழ்ச்சிகள் தனித்தனியே நடக்கின்றன. அவற்றைப் புத்தக அலமாரியோடு முடிச்சுப் போடும் ஆள் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது நூலகப் பாடவேளை கணக்கு ஆசிரியர் கைக்கு மாறிவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

மாவட்டத்தின் பெரிய வாசிப்பு நிகழ்வு புத்தகத் திருவிழா. தகடூர் புத்தகப் பேரவை முன்னின்று 2018-இல் தொடங்கியது. பின்னர் அரசே மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்று முடிவெடுத்தபோது மாவட்ட நிர்வாகமும் சேர்ந்துகொண்டது. எழுத்தறிவில் கடைசி என்று பெயரெடுத்த ஊரில் இது சின்னச் சாதனை அன்று. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணோடு பார்த்தால் அங்கே ஒரு கோளாறு தெரியும். மாணவர்கள் பகலில் பேருந்துகளில் அழைத்து வரப்படுகிறார்கள். எழுத்தாளர்களும் பேச்சாளர்களும் மாலையில் மேடை ஏறுகிறார்கள். பென்னாகரத்துக்கும் அரூருக்கும் அப்பால் இருந்து வந்த பிள்ளைகள் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள். மாலைப் பேச்சுக்காக வந்த எழுத்தாளரோ அன்று பகல் முழுக்கத் தருமபுரியில் ஏதோ ஒரு விடுதி அறையில் படுத்திருக்கிறார். நல்லம்பள்ளியும் காரிமங்கலமும் பாலக்கோடும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவை. காலை பதினொரு மணிக்கு அவரை ஒரு பள்ளி நூலகத்தில் நாற்பது பிள்ளைகள் நடுவில் உட்கார வைக்க ஒரு வாடகை வண்டி போதும். பயணச் செலவைத் திருவிழா ஏற்கெனவே கொடுத்துவிட்டது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பத்து நாள் திருவிழாவில் பத்துப் பள்ளிகளுக்கு எழுத்தாளர்கள் கிடைப்பார்கள்.

மேடைப் பேச்சு நம் ஊரின் பலம், அதுவே இந்த விஷயத்தில் தடங்கலும்கூட. பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் பார்த்து வளர்ந்த நமக்கு விருந்தினர் என்றால் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர், கைதட்டல் வாங்குபவர். தருமபுரியில் என்றால் அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைத் தொடாமல் பேச்சு தொடங்காது. அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் சலித்திருப்பார்கள். ‘தன்னம்பிக்கைப் பேச்சு’ என்ற வகை இதில் மிக மோசமானது என்பது என் எண்ணம். அதற்குப் புத்தகம் தேவையில்லை, முன் தயாரிப்பு தேவையில்லை, எந்த ஊரிலும் எந்தப் பள்ளியிலும் அதே பேச்சைப் பேசலாம்.

அந்த வகையின் ஆபத்து 2024-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆகஸ்ட் இறுதியில் பேச அழைக்கப்பட்ட ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர், உடற்குறைபாடும் வறுமையும் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருளில் மாணவிகள் முன் பேசினார். அங்கேயே எழுந்து நின்று எதிர்த்தவர் பார்வையற்ற தமிழாசிரியர். காணொளி பரவியது, பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார், பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகள் வரும் என்று அரசு அறிவித்தது. அந்த ஆசிரியர் செய்தது நம் பள்ளி வரலாற்றில் இடம்பெற வேண்டிய செயல். ஆனால் அதன் பின்விளைவு ஒன்று பேசப்படவில்லை. யாரையாவது அழைத்து வம்பில் மாட்டுவானேன் என்ற தயக்கம் தலைமையாசிரியர்களிடம் கூடியது. நல்ல எழுத்தாளரை அழைக்கவும் அதே அனுமதி, அதே அச்சம். மேலிடத்து அனுமதியைவிட நல்ல வடிகட்டி நூலகத்திடமே இருக்கிறது. வருகிறவர் எதைப் பற்றிப் பேசுவார், அதைப் பற்றி நம் அலமாரியில் என்ன புத்தகம் இருக்கிறது, பிள்ளைகள் அதை முன்னதாகப் படிப்பார்களா என்று மூன்று கேள்வி கேட்டாலே வெறும் வாய்ப்பேச்சுக்காரர்கள் கழன்றுவிடுவார்கள். கேள்வி கேட்கப் பழகிய வகுப்பு இருந்தால், தவறாகப் பேசுகிறவரை நிறுத்த ஓர் ஆசிரியரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

சரி, யாரை அழைப்பது? இங்கேதான் தருமபுரி தன் செல்வத்தை அறியாமல் இருக்கிறது. விருந்தினர் என்றதும் சென்னையையோ கோவையையோ பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். நெடுங்காலம் குடித்தால் எலும்பு வரை பாதிக்கும். வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை இங்கே எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2008-இல் தொடங்கி 2013-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,929 கோடி ரூபாய்த் திட்டம், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதன் நீரைக் குடிக்கின்றன. ஒரு பல் மருத்துவரும் குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர் ஒருவரும் பள்ளி நூலகத்துக்கு ஒருநாள் வந்தால் எப்படி இருக்கும்? வேதியியல், உடலியல், புவியியல், அரசியல் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாம். தன் பல்லில் உள்ள கறை தன் அழுக்கால் வந்ததன்று என்று ஒரு பெண் தெரிந்துகொள்வது எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சும் தராத ஒன்று.

அடுத்து ஆறு. ஆடி, ஆவணியில் நாளிதழைத் திறந்தால் ஒகேனக்கல்லில் இன்று இத்தனை ஆயிரம் கன அடி, அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை என்று செய்தி. அந்தக் கணக்கு பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளப்பது. நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒருநாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 8.64 டி.எம்.சி.; மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை வறண்டு கிடந்து, சொட்டும் வெளியேற்றாமல் வைத்தால், நிரம்ப எத்தனை நாள்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு, விடை பதினொரு நாளுக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்களுக்கு உயிர் கொடுக்க ஒகேனக்கல் பரிசல் ஓட்டுநர் ஒருவரை அழைத்து உட்கார வைக்கலாம். பாறையின் எந்தப் புள்ளி மூழ்கினால் எவ்வளவு தண்ணீர் என்று அளவுகோல் இல்லாமல் சொல்லும் அறிவு அவருடையது. நாளிதழ்க் கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சொல்வதையும் அச்சானதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த நூலகப் பாடவேளை. இதற்குப் பள்ளி நாளிதழ் வாங்கி, அதை அடுக்கியும் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு.

தொல்லியலுக்குப் பஞ்சமே இல்லை. தருமபுரிக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1975-இல் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது; இரா. நாகசாமி காலத்து வேலை அது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் மாவட்டமெங்கும் உண்டு. அவற்றில் பல வட்டெழுத்தில் பேசுகின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலையிலும் பூதிநத்தத்திலும் அண்மையில் அகழாய்வு நடந்தது. அகழாய்வுக் குழியில் நின்ற ஓர் அலுவலரோ, கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரோ வந்து, வட்டெழுத்தின் பத்து எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். அடுத்த வாரம் தன் ஊர் எல்லையில் வேடியப்பன் என்று கும்பிடும் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கப் பத்துப் பேராவது போவார்கள். பாப்பாரப்பட்டிப் பிள்ளைகளுக்கு விருந்தினர் வரவே வேண்டாம், அவர்களே நடந்து போகலாம். 1925 ஜூலை 23-இல் சுப்பிரமணிய சிவா காலமான ஊர் அது. தொழுநோயாளி என்று ரயிலில் ஏறக் கூடாதென்று தடுக்கப்பட்டு, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய மனிதரின் நினைவிடத்தில் உட்கார்ந்து, அவர் நடத்திய ‘ஞானபாநு’ இதழைப் பற்றிப் பேசுவது ஒரு முழுநாள் நிகழ்ச்சி.

அரூர்ப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இன்னொரு களஞ்சியம். ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவர் இணை 1993-இல் அங்கே ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை இன்று அந்த மலைமக்களின் சொத்து. அதையொட்டி இயற்கை உழவர் சங்கம் வளர்ந்தது. மறந்துபோயிருந்த லம்பாடிப் பூத்தையலைப் பெண்கள் மீட்டெடுத்து ‘போர்கை’ என்ற பெயரில் துணிகளாக விற்கிறார்கள். சாமை விதைக்கிற மலையாளிப் பழங்குடி உழவர், ஊசியோடு கணக்குப் போடும் லம்பாடிப் பெண், கிராமத்துச் செவிலியாகப் பயிற்சி பெற்ற பழங்குடிப் பெண் என்று அந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்தே ஓராண்டு முழுவதற்கும் விருந்தினர் கிடைப்பார்கள். டென்மார்க்கில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மனித நூலகம்’ என்ற ஏற்பாடு இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அதில் வாசகர், புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை அரைமணி நேரம் இரவல் வாங்குவார், எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். நாம் பெயர் வாங்க வேண்டாம், முறையை வாங்கலாம். ஒரே மேடையில் ஒருவர், எதிரே அறுநூறு பேர் என்பதற்கு மாற்றாக, நூலக அறையின் நான்கு மூலையில் நான்கு பேர், ஒவ்வொருவரைச் சுற்றியும் பத்துப் பிள்ளைகள்.

இதில் ஒரு நியாயக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. மேடையில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். சாதிப் பகையில் வீடுகள் எரிந்த அனுபவம் உள்ள மாவட்டம் இது. சால்வை போர்த்தப்படும் தோள்கள் எப்போதும் ஒரே தெருவிலிருந்து வந்தால், அதுவும் ஒரு பாடம்தான். பழங்குடிக் கிழவி நாற்காலியில் உட்கார, தலைமையாசிரியர் பாயில் உட்கார்ந்து கேட்கிற காட்சி ஒரு தடவை நடந்தால் அதன் பலன் வேறு.

எழுத்தாளர்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிறார் எழுத்து தமிழில் இப்போது வளமாக இருக்கிறது. எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைக் கதைக்குள் வைத்துப் பேசும் நூல். 1098 பற்றிய பேச்சு முடிந்த மறுநாள் அந்த நூலின் ஐந்து பிரதிகள் மேசைமேல் கிடந்தால், மைதானத்தில் கேட்க முடியாத கேள்வியை ஒரு பிள்ளை தனியாகப் படித்துத் தெரிந்துகொள்ளும். துறைகளின் விழிப்புணர்வுப் பேச்சையும் நூலகம் இப்படித் தன்வசப்படுத்திக்கொள்ளலாம். ஆயிஷா இரா. நடராசன், உதயசங்கர், யூமா வாசுகி, விழியன், விஷ்ணுபுரம் சரவணன் என்று பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்கள் பலர் பள்ளிகளுக்கு வரத் தயாராகவே இருக்கிறார்கள். 1980 முதல் இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கும் அதன் ‘துளிர்’ இதழுக்கும் பள்ளிகளோடு நெடுநாள் உறவு உண்டு.

எழுத்தாளர் வருகை என்பதில் நம் வழக்கம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, ஒரு சால்வை. அதற்கு மேல் கேட்டால் காசுக்கு ஆசைப்பட்டவர் என்று பெயர். சிங்கப்பூரில் பள்ளிகள் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அழைக்க அரசின் கலை மன்றம் வழியாக மானியம் கிடைக்கிறது. பிரிட்டனில் எழுத்தாளர் சங்கம் பள்ளி வருகைகளுக்குக் கட்டணம் பற்றி வழிகாட்டுகிறது. இங்கே ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அது புத்தகம் வாங்க. வருகிறவருக்கு ஒரு சிறு மதிப்பூதியம் கொடுக்கத் தலைப்பு இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் நினைத்தால் சால்வைக்குச் செலவாகும் பணத்திலேயே எழுத்தாளரின் பத்துப் பிரதிகளை வாங்கி அலமாரியில் வைக்கலாம். எழுத்தாளருக்கும் அதுவே உண்மையான மரியாதை.

வேல்ஸில் ஒரு பள்ளி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறார் எழுத்தாளரைத் தன் ‘வாசிப்புப் புரவலர்’ ஆக்கிக்கொண்டது. ஒருநாள் வந்து போகாமல், சில ஆண்டுகள் அதே பள்ளியோடு தொடர்பில் இருப்பது, திரும்பத் திரும்ப வருவது, பிள்ளைகளின் கடிதத்துக்குப் பதில் எழுதுவது. பிறகு பிரிட்டனில் பல பள்ளிகள் அதைப் பின்பற்றின. பக்கத்துக் கேரளத்தில் பி. என். பணிக்கரின் நினைவுநாளான ஜூன் 19 வாசிப்பு நாளாகிப் பள்ளிகள்தோறும் கொண்டாடப்படுகிறது. ஊர் நூலகங்களைப் பின்னிய அவருடைய இயக்கத்தின் வேர் அங்கே பள்ளிகளுக்கும் தண்ணீர் தருகிறது. இலங்கையில் அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி, நகரத்தில் இருப்பவர்களுக்கு. இவற்றில் தருமபுரிக்கு மிகப் பொருந்துவது வேல்ஸ் முறை என்பேன். ஆண்டுக்குப் பன்னிரண்டு புதுமுகங்களைவிட ஒரே ஆள் மூன்று முறை வருவது மேல். முதல் முறை பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டாம் முறைதான் பேச்சு ஆரம்பமாகும்.

ஒரு வருகை பலன் தர வேண்டுமென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். வரப்போகிறவரின் கதை ஒன்றையோ, அவர் துறை சார்ந்த சிறு நூல் ஒன்றையோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உரக்கப் படிக்கலாம். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் கதை காதில் விழும். கேள்விகளைப் பெயர் போடாத துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொன்னால், நேரில் கேட்கத் தயங்குகிறவர்களின் கேள்வியும் வந்து சேரும். ‘உங்களுக்கு எவ்வளவு சம்பளம்’ என்ற கேள்வி கட்டாயம் இருக்கும், அதை நீக்கக் கூடாது. வருகை நாளில் ஒரு வகுப்பு, அதிகம் போனால் இரண்டு. இருபது நிமிடப் பேச்சு, மீதி நேரம் டப்பா. வரவேற்புரையை ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் முடித்தால் எல்லோருக்கும் நல்லது. மறுநாள் அந்தப் பொருள் பற்றிய புத்தகங்கள் பீரோவுக்கு வெளியே மேசைமேல் கிடக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து இரவல் பதிவேட்டைப் புரட்டினால் வருகை பலித்ததா என்று தெரிந்துவிடும். குழுப் படத்துக்குப் பதிலாக அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம்.

மலைக்குப் போகிறவர் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளிகளுக்கு விருந்தினர் எளிதில் கிடைப்பார்கள். தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறும் கோட்டூர் மலை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வத்தல்மலைக்குப் பேருந்து ஏறியதே அண்மைக் காலத்தில். சித்தேரிப் பள்ளிக்குச் சென்னை எழுத்தாளர் வர ஒருநாள் போக, ஒருநாள் வர என்றாகிவிடும். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் இணைய இணைப்பும் உள்ள பள்ளிகளில் திரை வழியாகப் பேசலாம். அது ஒன்றுமில்லாததைவிட நன்று, ஆனால் திரையில் தெரியும் முகத்திடம் பிள்ளைகள் இன்னும் குறைவாகவே கேள்வி கேட்பார்கள். முதல் தடவை நேரில், பிறகு திரையில் என்ற வரிசை பலிக்கலாம். மலைப் பள்ளிகளுக்கு உள்ளூர் விருந்தினரே உத்தமம். எல்லையோரத்துத் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளுக்கும் லம்பாடிப் பிள்ளைகளுக்கும் தங்கள் வீட்டு மொழியில் கதை சொல்ல ஒரு பாட்டி வந்தால், அதைத் தமிழில் எழுதிச் சுவர் இதழில் ஒட்டுவது அவர்கள் செய்யும் முதல் மொழிபெயர்ப்பாகவும் ஆகும்.

இவ்வளவும் ஓர் ஆர்வமுள்ள ஆசிரியரைச் சுற்றியே நிற்கிறது என்பது உண்மையான பலவீனம். நூலகர் பணியிடம் வரும் வரை அது மாறாது, அது எப்போது வரும் என்பதற்கு அறிகுறி தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று நான்கு ஆண்டு அவர் நடத்திக் காட்டுவார். கலந்தாய்வில் இடமாறுதல் வாங்கிப் போய்விடுவார். சாவி அடுத்தவரிடம் போகும், பீரோ மூடிக்கொள்ளும். இதற்குக் கைவசம் உள்ள ஒரே வழி பதிவேட்டையும் அழைப்புக் கடிதங்களையும் கேள்வி டப்பாவையும் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர் குழு ஒன்றிடம் ஒப்படைப்பது. ஒன்பது முடிக்கிறவர்கள் எட்டாம் வகுப்பினருக்குப் பழக்கிவிட்டுப் போகட்டும். விருந்தினர்களின் பெயர், கைப்பேசி எண், எந்த நாளில் வந்தால் தோது, எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அழைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி அந்தக் குழுவிடமே இருக்கட்டும். புத்தகம் தொலைந்தால் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை ஓர் எல்லை வரை பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொடுத்து ஓர் உத்தரவு வந்தால், வரப்போகும் புதிய ஆசிரியரும் பீரோவைப் பூட்டத் தேவையிருக்காது.